கோட்டைக்குள் ஒரு கதிரை

என் பெரியம்மாவுக்கு இப்போது 85 வயது. வாசிக்க முடியாத அளவுக்குக் கண் மங்கிவிட்டது. காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் யோசிப்பார். ஆனால் மட்டக்களப்பின் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து விவசாயி ஒருவரின் துவக்கு (துப்பாக்கி) இலக்கத்தைக் கேட்டால், ஆங்கில எழுத்தில் தொடங்கி ஐந்து இலக்கங்களையும் தடுமாறாமல் சொல்வார். அந்த விவசாயி காலமாகி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அந்தத் துவக்கைப் பெரியம்மா ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை.

"துவக்கைத் தொட்டதே இல்லை, மகள். ஆனால் எந்த ஊரில் எந்த வீட்டுச் சுவரில் எந்தத் துவக்கு தொங்கியது என்று எனக்குத் தெரியும்" என்பார்.

1959 இல், பத்தொன்பது வயதில், அவர் அரசாங்க வேலைக்குச் சேர்ந்தார். முதலில் தட்டெழுத்தாளர், பிறகு எழுதுவினைஞர். சில மாதங்கள் வேறொரு கந்தோரில் (அலுவலகத்தில்) இருந்துவிட்டு, மாவட்ட நிர்வாக அலுவலகமான மட்டக்களப்புக் கச்சேரிக்கு மாறினார். கச்சேரி இருந்தது புளியந்தீவுக் கோட்டைக்குள். பீரங்கியும் வெடிமருந்தும் வைப்பதற்காகக் கட்டிய மதில்களுக்குள் மேசை போட்டு உட்கார்ந்து, மட்டக்களப்பு மாவட்டத்தின் துவக்குகளைப் புத்தகத்தில் எழுதி வைத்தவர் அவர். மாவட்டச் செயலகம் இப்போது திராய்மடுவுக்குப் போய்விட்டது. கச்சேரி என்றால் பாட்டுக் கச்சேரியா என்று கேட்கும் வயதுப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். பெரியம்மா சொன்னவற்றையும், அவற்றின் பின்னாலிருக்கும் வரலாற்றையும் சேர்த்து வைத்துப் பார்க்க இதுதான் நேரம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கோட்டையிலிருந்தே தொடங்கவேண்டும். 1628 இல் போர்த்துக்கேயர் புளியந்தீவில் அதைக் கட்டினார்கள். பத்து ஆண்டுகள்தான் அவர்கள் கையில் நிலைத்தது. 1638 மே மாதத்தில், கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் படையும் வெஸ்டர்வோல்ட் தலைமையில் வந்த ஒல்லாந்தக் கப்பல்களும் சேர்ந்து அதைப் பிடித்தன. இலங்கையில் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் முதன்முதலாகக் கைப்பற்றிய கோட்டை இதுதான். இராஜசிங்கனும் வெஸ்டர்வோல்டும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டதும் மட்டக்களப்பில்தான். 1795 இல் அது ஆங்கிலேயர் வசமானது. நான்கு மூலைகளிலும் கொத்தளங்கள், இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் அகழி. வெளியே இருப்பவன் உள்ளே வரக்கூடாது என்ற ஒரே எண்ணத்தில் கட்டிய இடம். பின்னர் ஆங்கிலேயர் அதற்குள் நிர்வாகக் கந்தோரை வைத்தார்கள். வரி, காணி, தானியம், துவக்கு என்று குடிமக்கள் எதற்கெடுத்தாலும் அந்த ஒடுங்கிய வாசலால் நுழைந்துதான் போகவேண்டியிருந்தது. "கோட்டைக்குள் போய்விட்டு வருகிறேன்" என்று எங்கள் பாட்டனார் சொன்னால், கச்சேரி அலுவலுக்குப் போகிறார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

யார் யார் அங்கே ஆண்டார்கள் என்பதற்கு அகழ்வாராய்ச்சி தேவையில்லை. பெரியம்மாவின் மேசையைச் சுற்றியிருந்த பொருட்களின் பெயர்களைச் சொன்னாலே போதும். மேசை, கதிரை, அலுமாரி, யன்னல் எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள். மேசையில் இழுக்கும் லாச்சியும் கந்தோர் என்ற சொல்லும் ஒல்லாந்தருடையவை. கச்சேரி இந்துஸ்தானியிலிருந்து ஆங்கிலேயரோடு கப்பலேறி வந்தது. ஆங்கிலேயரின் அரசாங்கத்தை எங்கள் வாய் கோறணமேந்து ஆக்கிக்கொண்டது. இந்தச் சொற்களை நாங்கள் கடன் வாங்கியதாகப் பலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. முந்நூறு ஆண்டுகள் அந்தக் கதிரைகளைச் செய்ததும் துடைத்ததும் சுமந்ததும் எங்கள் ஆட்கள். பெயர் வைத்துக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு இருந்தது.

ஆனால் அந்தக் கதிரையில் ஒரு பெண் உட்காருவதற்கு வெகுகாலம் சென்றது.

மட்டக்களப்பில் பெண்களின் படிப்பு பிந்தித் தொடங்கிய ஒன்று அன்று. மெதடிஸ்த மிஷனரிகள் 1814 இல் வந்தார்கள். இன்றைய வின்சன்ட் பெண்கள் உயர்தரப் பாடசாலையின் தொடக்கம் 1820. புனித சிசிலியாவில் கத்தோலிக்கக் கன்னியர் கற்பித்தார்கள். கோட்டையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் பெண்பிள்ளைகள் நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தார்கள். படித்து முடித்தவர்கள் ஆசிரியை ஆனார்கள், சிலர் தாதியானார்கள். இந்த இரண்டு வேலைகளிலும் பெண் பெண்களோடும் பிள்ளைகளோடும் நோயாளிகளோடும் இருந்தாள் என்பதால் ஊர் ஏற்றுக்கொண்டது. கந்தோர் வேறு. அங்கே பெண் ஆண்களுக்கு நடுவில் உட்கார்ந்து, முன்பின் அறியாத ஆண்களுக்குப் பதில் சொல்லவேண்டும்.

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்ற பழமொழி எங்கள் வீட்டிலும் புழங்கியது. அது ஆண்பிள்ளைகளை நோக்கிச் சொன்னது என்பது பெரியம்மா விண்ணப்பம் போட்டபோதுதான் தெரிந்தது. அம்மம்மா மூன்று நாள் அவரோடு பேசவில்லை. கடைசியில் வழிவிட்டது தட்டச்சுதான். உலகம் முழுவதும் நடந்தது இதுவே. தட்டச்சுப் பொறி பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பரவியபோது, அதை ஆண்களின் வேலையாக யாரும் முன்கூட்டியே வேலி போட்டு வைத்திருக்கவில்லை. புதிய பொறி, பழைய உரித்தாளி இல்லை. பெண்கள் அந்த இடைவெளியால் கந்தோருக்குள் நுழைந்தார்கள். போர் வந்தால் அந்த இடைவெளி அகன்றது. முதலாம் உலகப் போரில் லண்டனின் வூல்விச் ஆயுதசாலையில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலைக்குப் போனார்கள். இரண்டாம் போரில் பிரித்தானியக் கடற்படையின் பெண்கள் பிரிவு கொழும்பு வரை வந்து வேலை செய்தது. ஆண்கள் போர்முனைக்குப் போனதால் பெண்கள் வந்தார்கள் என்று இதைச் சுருக்கிச் சொல்வது வழக்கம். அதோடு இன்னொன்றும் இருக்கிறது. ஆயுதம் பெருகும் இடத்தில் கணக்குப் பெருகும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு வரி எழுத ஆள் வேண்டும்.

இதைப் பெரியம்மா கற்றுக்கொண்டது ஒரு முதிய எழுதுவினைஞரிடம். அவர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தின் களஞ்சியக் கந்தோரில் ஆங்கிலேயருக்குக் கீழ் வேலை பார்த்தவர். 1957 ஒக்டோபரில் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்ட பிறகு மட்டக்களப்புக்கு வந்து சேர்ந்தார். களஞ்சியத்தை விட்டு ஓர் ஆணி வெளியே போனாலும் மூன்று தாளில் பதிந்து பழகிய மனிதர். பெரியம்மாவைத் "தங்கச்சி" என்று அழைப்பார். அவர் கொடுத்த பாடம் எளிமையானது. புத்தகத்தில் ஒருநாளும் எழுத்தைச் சுரண்டி அழிக்கக்கூடாது. பிழைவிட்டால், கீழே இருப்பது வாசிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு வெட்டி, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்கவேண்டும். பிழை செய்தவர் யார் என்பது புத்தகத்திலேயே இருக்கவேண்டும். கடற்படைக் களஞ்சியத்தின் இந்த ஒழுங்கைப் பெரியம்மா வீட்டுச் சீட்டுக் கணக்கிலும் கடைப்பிடித்தார். அவருடைய பழைய பால்கணக்குக் கொப்பியில்கூட அடித்தல்களுக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் இருக்கிறது.

கச்சேரிக்கு வருமுன் இருந்த முதல் கந்தோரைப் பற்றி அவர் குறைவாகவே பேசுவார். பெயரை நானும் எழுதப்போவதில்லை. அங்கே பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை இல்லை. காலை எட்டரையிலிருந்து மாலை நாலேகால் வரை தண்ணீர் குடிக்காமல் இருந்ததாகவும், மதிய வேளையில் இரண்டு தெரு தள்ளியிருந்த உறவினர் வீட்டுக்கு வெயிலில் நடந்துபோய் வந்ததாகவும் ஒரு தடவை சொன்னார். இது பற்றி அவர் யாரிடமும் முறையிட்டதில்லை. முறையிட்டால் பெண்களை எடுத்ததுதான் பிழை என்று முடித்துவிடுவார்கள் என்று பயந்தார். அந்தக் காலத்தில் கந்தோருக்குப் போன பெண்கள் யாரைக் கேட்டாலும் இப்படி ஒன்றைச் சொல்கிறார்கள். முதற்பெண்கள் என்று மேடையில் மாலை போடும்போது நாங்கள் கேட்கவேண்டிய கேள்விகளில் இதுவும் ஒன்று: நீங்கள் தண்ணீர் குடித்தீர்களா?

கச்சேரியில் அவருக்குக் கிடைத்தது துவக்குப் புத்தகம். பதிவேட்டுக்கு வேறு உத்தியோகப் பெயர் இருந்தது. ஆனால் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். அதை விளங்கிக்கொள்ளச் சட்டத்தைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். இலங்கையின் சுடுகலன் கட்டளைச் சட்டம் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம். 1915 இன் கலவரமும் இராணுவச் சட்டமும் கழிந்த மறு ஆண்டு அது வந்தது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் யாரும் துவக்கு வைத்திருக்க முடியாது. அதை வழங்கும் அதிகாரம் மாவட்டத்து அரசாங்க அதிபருக்கு. துவக்குக்குச் சொந்தக்காரர் ஒவ்வோர் ஆண்டும் அதைப் புதுப்பிக்கவேண்டும். திசம்பர் 31 கடைசி நாள். பொலிஸ் நிலையத்துக்கும் படைமுகாமுக்கும் வெளியே இருந்த ஒவ்வொரு துவக்கும் இப்படிக் கச்சேரியின் ஒரு மேசைக்கு வந்து போனது.

மட்டக்களப்பில் துவக்கு என்றால் வயல். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வெல்லாவெளி, ஆயித்தியமலை, உன்னிச்சைப் பக்கம் வயல் செய்பவர்களுக்கு யானையும் பன்றியும் புதிய செய்தி இல்லை. பெரும்போகத்துக்கு ஐப்பசி, கார்த்திகையில் விதைத்தால், மார்கழி, தையில் பயிர் குடலைப் பருவத்துக்கும் கதிருக்கும் வரும். பரணில் இரவு முழுவதும் விழித்திருந்து, தீ மூட்டி, வெடிவைத்துக் காக்கவேண்டிய மாதங்கள் அவை. அனுமதிப்பத்திரம் முடிவடைவதும் அந்த மாதத்தில்தான். திசம்பர் 31 என்பது கந்தோரின் நாட்காட்டிக்குச் சுகமான நாள். விவசாயிக்கோ காவலை விட்டுவிட்டு நகரத்துக்குப் போகவே கூடாத நாள். இதைப் பெரியம்மா எனக்குச் சொல்லும்வரை நான் யோசித்ததில்லை. அறுபது ஆண்டுகளுக்கு முன் பணியாற்றிய ஓர் எழுதுவினைஞருக்குத் தெரிந்த இந்தச் சின்ன விடயம், யானை மனித மோதல் பற்றிய கூட்டங்களில் இன்றும் யாரும் பேசிக் கேட்டதில்லை.

அவர்கள் விடியுமுன் புறப்படுவார்கள். மண்முனைத் துறையில் அப்போது பாலம் இல்லை. அது 2014 இல்தான் வந்தது. ஓடத்தில் வாவியைக் கடந்து, கிழக்குக் கரையான எழுவான்கரையில் பஸ் ஏறி, கோட்டை வாசலுக்கு வரும்போது வெயில் ஏறிவிடும். வேட்டி, தோளில் சால்வை, கையில் வெற்றிலைப் பை. அனுமதிப்பத்திரம் எட்டாக மடித்து அந்தப் பையின் அடியில் இருக்கும். விரித்தால் மடிப்பெல்லாம் கிழிந்து, சுண்ணாம்பு பட்டு, ஓர் ஓரம் சிவந்திருக்கும். வெற்றிலை மணக்காத துவக்குக் கடதாசியைத் தான் தொட்டதில்லை என்பார் பெரியம்மா.

புதுப்பிப்பது எளிது. புதிதாக எடுப்பதற்கும் பெயர் மாற்றுவதற்கும்தான் நடை. முதலில் ஊர்த் தலைமைக்காரரான விதானையாரின் அறிக்கை. 1963 இல் தலைமைக்காரர் முறை போய்க் கிராம சேவகர் முறை வந்த பிறகு அவருடைய அறிக்கை. பிறகு பொலிஸ் அறிக்கை, பிறகு பிரதேசக் காரியாதிகாரியின் சிபாரிசு. எத்தனை ஏக்கர் வயல், எந்த வட்டையில் (வயல்வெளியில்), காட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பதெல்லாம் அதில் வரும். பிறகுதான் புத்தகத்தில் ஒரு வரி: பெயர், தகப்பன் பெயர், ஊர், துவக்கின் வகை, செய்தவர் பெயர், இலக்கம், நோக்கம். நோக்கம் என்ற கூட்டில் அநேகமாக ஒரே சொல்தான், பயிர்ப் பாதுகாப்பு. வாயால் மருந்து கிட்டித்துச் சுடும் பழைய துவக்குகளில் சிலவற்றுக்கு இலக்கமே இருக்காது. கொல்லன் செய்தது. அவற்றுக்கு இலக்கம் பொறித்துக்கொண்டு வரச் சொல்லவேண்டும். கொல்லன் வெட்டிய இலக்கத்தில் 3 எது, 8 எது என்று பிரித்தறிவதில் பெரியம்மா கெட்டிக்காரி என்று பெயரெடுத்தாராம்.

சொந்தக்காரர் இறந்தால் துவக்கு பிள்ளைக்குத் தானாகப் போய்ச்சேராது. அனுமதி ஆளுக்கு, துவக்குக்கு இல்லை. இது பலருக்கு விளங்குவதில்லை. காணி தகப்பனிடமிருந்து வருகிறது, மாடு வருகிறது, துவக்கு மட்டும் ஏன் வராது? செத்தவீட்டு எட்டுக்கூட முடியாமல் மொட்டைத்தலையோடு வந்து நிற்கும் மகன்மாருக்கு அதை எடுத்துச் சொல்லும் வேலையும் இருபது வயதுப் பெண்ணான அவருக்குத்தான். "ஒரு சாவு நடந்த வீட்டுக்குப் போனால் எப்படிப் பேசுவோமோ அப்படிப் பேசினேன்" என்றார். எந்தச் சுற்றறிக்கையிலும் இதற்குப் பயிற்சி இல்லை. பெண்கள் வீட்டில் பழகிவந்த ஒன்றைக் கந்தோருக்குக் கொண்டுபோனார்கள். கந்தோர் அதைச் சம்பளத்தில் கணக்கிடவில்லை. எதிர்ப்பக்கத்தில் நின்றவர்கள் கணக்கிட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். கொக்கட்டிச்சோலைக்காரர், அந்த ஐந்திலக்கத் துவக்கின் சொந்தக்காரர், அறுவடை முடிந்ததும் ஒரு கொத்துப் புதுநெல்லரிசியோடு ஆண்டுதோறும் வந்தார். வாங்கக்கூடாது என்று பெரியம்மா எவ்வளவு மறுத்தும், கோட்டை வாசல் காவலாளியிடம் வைத்துவிட்டுப் போய்விடுவாராம்.

பெயர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. போடி என்று முடியும் பெயர்களின் கடைசியில் ஆங்கிலத்தில் 'ஐ' எழுத்தா 'வை' எழுத்தா? தம்பி என்பதற்கு 'எச்' வேண்டுமா? லெப்பைக்கு எத்தனை 'பீ'? சொந்தக்காரர் பெருவிரல் வைக்கிறவர் என்றால் அவரைக் கேட்டுப் பயனில்லை. எழுதுகிறவர் காதில் விழுந்ததை எழுதினார். அந்த எழுத்துக்கூட்டல் பிறகு அடையாள அட்டைக்குப் போனது, காணி உறுதிக்குப் போனது, பிள்ளைகளின் பிறப்புப் பதிவுக்குப் போனது. ஒரு புத்தகத்தில் ஒரு விதமாகவும் இன்னொன்றில் வேறு விதமாகவும் இருந்தால், இருவரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடிக்கவேண்டும். இன்றும் மட்டக்களப்பு நீதிமன்றத்துக்கு முன்னால் அந்தக் கடதாசிக்காக நிற்பவர்களைப் பார்க்கிறேன். இந்த ஆபத்தைப் பெரியம்மா முதலாண்டிலேயே உணர்ந்திருந்தார். தனக்கென்று ஒரு சிறு கொப்பி வைத்து, ஒரு பெயரை ஒருமுறை எப்படி எழுதினாரோ அதையே பின்பற்றினார். எழுவான்கரை, படுவான்கரை, கல்முனை, அக்கரைப்பற்று என்று ஊர்வாரியாக அந்தக் கொப்பி நிறைந்தது. எந்த மேலதிகாரியும் கேட்டு அதை அவர் செய்யவில்லை.

1961 அந்தக் கந்தோருக்குக் கனத்த ஆண்டு. 1956 இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்திருந்தது. 1961 சனவரியிலிருந்து நிர்வாகம் முழுவதும் சிங்களத்துக்கு மாறவேண்டும் என்ற நிலையில், தமிழரசுக் கட்சி பெப்ரவரி 20 இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கியது. சில நாட்களில் அது மட்டக்களப்புக்கும் வந்தது. கோட்டை வாசலில் மக்கள் உட்கார்ந்தார்கள். பெண்களும் உட்கார்ந்தார்கள். வெளியாட்களைத் தடுப்பதற்காகக் கட்டிய வாசலை இப்போது ஊர்ச்சனங்கள் வெறுங்கையோடு அடைத்தார்கள். பெரியம்மா சாப்பாட்டுப் பெட்டியோடு வந்து, தூரத்தில் நின்று பார்த்து, வீட்டுக்குத் திரும்பினார். உட்கார்ந்திருந்தவர்களில் அவருடைய ஒன்றுவிட்ட அண்ணனும் இருந்தார். உள்ளே போகவேண்டும் என்பது உத்தரவு, வெளியே இருக்கவேண்டும் என்பது மனம். அந்த வாரங்களில் மட்டக்களப்பில் அரசாங்கச் சம்பளம் எடுத்த தமிழர் எல்லோருக்கும் அந்த வாசல் இரவில் கனவில் வந்திருக்கும். ஏப்ரல் 17 இல் அவசரகாலநிலை அறிவிக்கப்பட்டது. படை இறங்கியது, தலைவர்கள் பனாகொடை முகாமில் அடைக்கப்பட்டார்கள், வாசல் திறந்தது. மறுநாள் வேலைக்குப் போனபோது மதில் ஓரத்தில் யாரோ விட்டுச்சென்ற ஒற்றைச் செருப்பு கிடந்ததாகச் சொல்வார். அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி அவர் எதுவும் சொன்னதில்லை.

அதே ஆண்டுதான் மாவட்டம் பிரிந்தது. 1949 இல் தொடங்கிய கல்லோயா நீர்ப்பாசனத் திட்டம் தெற்கின் முகத்தை மாற்றியிருந்தது. இங்கினியாகலையில் அணை எழுந்தது. குடியேற்றங்கள் வந்தன. 1956 இல் அங்கே தமிழர் மீது வன்முறை நடந்தது. 1961 இல் அம்பாறை தனி மாவட்டமானது. வரைபடத்தில் அது ஒரு கோடு. பெரியம்மாவுக்கு அது மாதக்கணக்கில் கைவலி. கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, பொத்துவில் ஊர்களின் துவக்குகள் எல்லாவற்றையும் பழைய புத்தகத்திலிருந்து பார்த்து எழுதி, புதிய மாவட்டத்துக்கு அனுப்பவேண்டும். பொத்துவிலிலிருந்து விடியற்காலை பஸ் ஏறி வந்த ஒரு முதியவர், இனி நீங்கள் அம்பாறைக்குப் போகவேண்டும் என்றதும், அங்கே தனக்கு யாரைத் தெரியும் என்று கேட்டாராம். அந்தப் பிரிப்பைப் பற்றி அரசியல்வாதிகள் பேசிய பேச்சுகளைவிட இந்தக் கேள்விதான் என் மனதில் நிற்கிறது.

மொழிச் சட்டம் கந்தோர் வாழ்க்கைக்குள் எப்படி இறங்கியது என்பதற்கு ஒரு வழக்கு சான்றாக இருக்கிறது. கேகாலைக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்த கோடீஸ்வரன், சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடையாததால் சம்பள ஏற்றம் மறுக்கப்பட்டவர். அவர் நீதிமன்றம் போனார். 1964 இல் மாவட்ட நீதிமன்றம் மொழிச் சட்டம் அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவுக்கு முரணானது என்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1967 இல் உச்சநீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்காக முடியின் (அரசின்) மேல் வழக்காட முடியாது என்று அதைத் தள்ளியது. 1969 இல், அப்போதைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான லண்டன் கோமறைக் கழகம், வழக்காட முடியும் என்று சொல்லி, மொழிக் கேள்வியை இங்கேயே தீர்க்கும்படி திருப்பி அனுப்பியது. இந்த வழக்கைச் சட்டமாணவர்கள் படிக்கிறார்கள். நாட்டின் அரசியலமைப்பையே உலுப்பிய ஒரு வழக்கு, ஓர் எழுதுவினைஞரின் சம்பள ஏற்றத்திலிருந்து பிறந்தது என்பதை நான் எப்போதும் அழுத்திச் சொல்வேன். பெரியம்மா பரீட்சையில் இரண்டாம் முறை தேறினார். இரவில் அரிக்கன் விளக்கில் சிங்கள எழுத்து எழுதிப் பழகிய கொப்பியின் மறுபக்கத்தில் என் அம்மா கணக்குச் செய்தார்.

தமிழுக்கு இடம் வந்தது மெதுவாக. 1958 இல் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் நிறைவேறினாலும், அதன் கீழான ஒழுங்குவிதிகள் 1966 இல்தான் வந்தன. பெரியம்மா தமிழ்த் தட்டச்சுப் பொறியில் கை வைத்தது அதன் பிறகு. அதற்குமுன் அவர் விரல்கள் ஆங்கிலப் பொறியில் பழகியவை. கைகளைத் துணியால் மூடி, ஏ, எஸ், டீ, எஃப் என்று அடித்துப் படித்தவை. தமிழ்ப் பொறியை உருவாக்கியவர் எங்கள் நாட்டவர் என்பது பலருக்கு மறந்துவிட்டது. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து, மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப்போன ரா. முத்தையாதான் அவர். பொறிகள் ஜெர்மனியில் செய்யப்பட்டன. தமிழின் எழுத்துகள் அத்தனையையும் நாற்பத்துச் சொச்ச விசைகளில் அடக்குவது எப்படி என்பதுதான் சிக்கல். அதற்கு அவர் கண்ட வழிகளில் ஒன்று நகரா விசை. அதை அடித்தால் தாள் நகராது. புள்ளியை முதலில் அடித்துவிட்டு எழுத்தை அதன் கீழே அடிக்கவேண்டும். கையால் எழுதும்போது எழுத்துக்குப் பிறகு புள்ளி, பொறியில் புள்ளிக்குப் பிறகு எழுத்து. "மனதுக்குள் சொல்லைத் திருப்பிப் போட்டுத்தான் அடிக்கவேண்டும். ஒரு கிழமை தலை சுற்றியது" என்றார். ஆனால் முதல் தமிழ்க் கடிதத்தை அடித்து எடுத்தபோது அதைத் தபாலில் போட மனம் வரவில்லையாம். கீழ்ப் பிரதியை, கரியில் நீலம் பாய்ந்த தாளை, அதிகாரியிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். ஏதோ வாய்க்கால் துப்புரவு பற்றிய கடிதம். வயல்வெளிக்கும் நீருக்கும் பொறுப்பான ஒரு வட்டைவிதானைக்கு எழுதியது. தன் மொழியில் அரசாங்கம் எழுதிய ஒரு கடிதத்தை, வாசிக்கத் துணைக்கு ஆள் தேடாமல், அந்த மனிதர் தானே வாசித்திருப்பார்.

அந்தத் தாளும் ஊர்வாரியான பெயர்க் கொப்பியும் 1978 நவம்பர் 23 இரவு போய்விட்டன. மட்டக்களப்பில் அந்தச் சூறாவளியை அறியாத குடும்பம் இல்லை. எங்கள் வீட்டுக் கூரை பக்கத்து வளவில் கிடந்தது. பெரியம்மா மூன்றாம் நாள் கோட்டைக்குப் போனார். நனைந்த கோவைகளைத் தாள் தாளாகப் பிரித்து, வெயிலில் விரித்து, காற்றில் பறக்காமல் கல் வைத்தார்கள். மை கரைந்த வரிகளை நினைவிலிருந்து சொல்ல அவரைக் கூப்பிட்டார்களாம். அந்த ஐந்திலக்கம் அன்று நினைவிலிருந்து சொன்னவற்றில் ஒன்றாக இருக்கவேண்டும்.

போர் வந்தபின் வயல் காவல் துவக்கு என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போனது. துவக்கு வைத்திருந்தவர்கள் இப்போது வேறு ஆட்கள், அவர்களுடைய இலக்கங்கள் எந்தப் புத்தகத்திலும் வரவில்லை. கடைசி ஆண்டுகளில் அவர் மேசைக்கு வந்தவை இழப்பீட்டு விண்ணப்பங்களும் இடம்பெயர்ந்தவர் பட்டியல்களும். படுவான்கரையிலிருந்து முன்பு தகப்பன்மார் வந்த வழியால் இப்போது தாய்மார் வந்தார்கள், வெற்றிலைப் பைக்குள் பிள்ளையின் படத்தோடு. 1995 இல் பெரியம்மா ஓய்வுபெற்றார்.

இந்தக் கட்டுரைக்காகப் பேசிக்கொண்டிருந்த ஒரு மாலை, அவருடைய கையெழுத்தைப் பார்க்க ஆசைப்பட்டு, ஒரு தாளையும் பேனையையும் கொடுத்து, ஏதாவது எழுதுங்கள் என்றேன். தாளைத் தடவிப் பார்த்தார். இடப்பக்கம் மூன்றிலொரு பங்கை மடித்து, நகத்தால் அழுத்தி, ஓரம் விட்டார். வலப்பக்க மேல்மூலையில் திகதி. பிறகு, இடப்பக்கத்தில், கண் தெரியாவிட்டாலும் கோணாத எழுத்தில், "எனது இல." என்று எழுதி, புள்ளி வைத்து, பேனையைத் தாளிலிருந்து எடுக்காமல் என்னை நோக்கி முகத்தைத் திருப்பினார். என்ன இலக்கம் போடுவது என்று கேட்டார்.